விடாதவனிடம் பிளஃப் எதற்கு?

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. லாஸ் வேகஸ் வெயிலோடு ஒப்பிட்டால் நம்மூர் அக்னி நட்சத்திரம் ஒன்றுமேயில்லை என்கிறாய், நம்புகிறேன். மூத்தவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே 2025-இல் வந்த மத்திய சட்டத்தோடு ஆன்லைனில் பணம் வைத்து போக்கர் சீட்டு ஆடுவது நின்றுபோனது. அதனால் உன் ஆட்டங்களை அலச நேரம் நிறையவே இருக்கிறது.

நீ எழுதியனுப்பிய ஆட்டங்களில் தோற்றவை பெரும்பாலும் ஒரே ரகம். கையில் ஒன்றும் இல்லாமல் ரிவர் (மேசையில் விழும் ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை பெட் (பந்தயம்) வைத்திருக்கிறாய், எதிரில் இருந்தவன் ஒரு சின்ன ஜோடியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறான். 1-2 டாலர் மேசைக்கு (கட்டாயப் பந்தயம் 1, 2 டாலர்) வருகிறவன் சீட்டுப் பார்க்க வருகிறவன், ஃபோல்டு செய்ய (சீட்டைப் போட்டுவிட்டு விலக) அல்ல. பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) 60 டாலர் இருக்கும்போது நீ 40 வைத்து பிளஃப் செய்தால் (நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டினால்), அது 100-க்கு 40 தடவையாவது பலித்தால்தான் கைநஷ்டம் இல்லை. எந்த ஜோடியையும் விடாத ஆளிடம் அது பலிக்காது. வீடியோவில் பெரிய ஆட்டக்காரர்கள் வைக்கும் மூன்று சுற்று பிளஃப், விடத் தெரிந்தவனுக்காக வைப்பது. ரிவர் பிளஃபை மட்டும் ஒரு மாதம் அடியோடு நிறுத்திப் பார்.

அதே ஆளிடம்தான் நல்ல சீட்டு வந்தால் காசும் இருக்கிறது. நீயோ அப்போது பயந்து பயந்து சின்னதாக வைக்கிறாய். உன்னுடைய ஏஸ்-ராணி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் 2 டாலருக்கு லிம்ப் செய்துவிட்டார்கள் (ஏற்றாமல் அந்தத் தொகையை மட்டும் போட்டு வந்துவிட்டார்கள்), நீ பட்டனில் (பொதுச் சீட்டு விழுந்தபின் கடைசியாக ஆடும் இருக்கையில்). அங்கே 8 டாலர் ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது) எல்லாம் அழைப்பிதழ் மாதிரி, எல்லோரும் வந்துவிடுவார்கள். இரண்டு ஏஸ் இருந்தாலும் ஒருவனுக்கு எதிரே 85 சதவீதம் ஜெயிப்பது, கண்டதை வைத்து ஆடும் நான்கு பேருக்கு எதிரே 56-க்கு இறங்கிவிடும். 15 ஆக்கு. இரண்டு பேர் கால் செய்தால் (அதே தொகையைப் போட்டு வந்தால்) பாட் 50. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டில்) ராணி, 8, 4, இரண்டு இஸ்பேட். நீ 17 வைத்தாய். 35 வை. கையில் இரண்டு இஸ்பேடோடு ஐந்தாவது இஸ்பேடுக்குக் காத்திருப்பவன் 85-ஐ வெல்ல 35 தர வேண்டும். அதற்கு 29 சதவீத வாய்ப்பு தேவை, அடுத்த சீட்டில் அவனுக்கு இருப்பதோ 19 தான். இருந்தும் வருவான், அதுதான் உன் லாபம். ஒருவன் வந்தால் பாட் 120, 200-இல் உட்கார்ந்த உன்னிடம் மிச்சம் 150. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) 3 போல ஒன்றும் ஆகாத சீட்டு வந்தால் 75, ரிவரும் அப்படியே வந்தால் மீதி 75. மூன்று சுற்றில் மொத்தமும் உள்ளே போய்விடும்.

இதில் ஒரு சிக்கல். டர்னில் 75 வைத்தபின் அவன் 150-க்குத் தள்ளினால், 345-ஐ வெல்ல நீ 75 தர வேண்டும். 18 சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும் என்பதால், கடுப்பாக இருந்தாலும் விடுவது கஷ்டம். எனவே வாயே திறக்காத (ரெய்ஸே செய்யாத) ஆள் எதிரில் இருந்தால், விடுவதா வேண்டாமா என்பதை டர்னில் பெட் வைக்கும் முன்பே முடிவு செய். ரிவர் ரெய்ஸ் வேறு கதை. பாட் 100, நீ 60, அவன் 180. கால் செய்ய 100-க்கு 26 தடவையாவது நீ ஜெயிக்க வேண்டும். அதுவரை கால் மட்டுமே செய்துவந்த ஆசாமி அங்கே பொய் சொல்வது அதைவிட ரொம்பக் குறைவு. ஒற்றை ஜோடி என்றால் எறிந்துவிடு. எப்போதும் எகிறிக்கொண்டிருக்கும் ஆளிடம் இதைச் செய்யாதே. அவனுக்கு செக் கொடுத்து (பணம் வைக்காமல் விட்டு), அவனே வைக்க, கால் செய்.

சீட்டுத் தேர்வில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையில் (எல்லோருக்கும் முன்னால் முடிவெடுக்க வேண்டிய இடத்தில்) 7-7 முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே சின்னத்தில் ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி. இவை எல்லாம் சேர்ந்து 100-க்கு 7 தடவைகூட வராது. பட்டன் பக்கம் வர வர அகலப்படுத்து. ராஜா-ஜாக்கி கலப்புச் சின்னத்தில் முதல் இருக்கைக்கு ஆகாது. ராஜா விழுந்தாலும் ஏஸ்-ராஜாவிடம் பணத்தைக் கொட்டுவாய்.

4-4, 5-5 பற்றிக் கேட்டிருந்தாய். ஃப்ளாப்பில் மூன்றாவது விழுவது எட்டரைத் தடவையில் ஒன்று. விழுந்தாலும் எதிரில் இருப்பவன் முழுதும் தரப்போவதில்லை. அதனால் தரும் தொகையைப் போல 15 மடங்காவது இரண்டு பேரிடமும் மிச்சம் இருக்க வேண்டும். 15 டாலர் ரெய்ஸுக்கு 200 டாலர் ஸ்டாக் (முன்னால் வைத்திருக்கும் பணம்) கொஞ்சம் குறைவு. இன்னும் ஒருவன் கால் செய்திருந்தால் போ, தனியாக என்றால் யோசி.

காசினோ ரேக்கையும் (ஆட்டத்துக்கு ஆட்டம் காசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு) மறக்காதே. பெரும்பாலும் பாட்டில் 10 சதவீதம், ஒரு உச்சவரம்போடு. 10 டாலர் பாட்டுக்கு ஐந்து பேர் முட்டிக்கொண்டால் மேசைக்காரனுக்குத்தான் நிச்சய லாபம். இன்னொன்று: ரெய்ஸ் என்று வாயால் சொல்லாமல் ஒரே ஒரு 25 டாலர் சிப்பைப் போட்டால் அது கால் என்றே கணக்கு. உன் ராஜா-ராஜா ஆட்டத்தில் நடந்தது அதுதான். டீலர் செய்தது சரி, அவரைத் திட்டாதே.

மணிக்குச் சுமார் 30 ஆட்டம்தான் வரும் என்பதால் ஒரு மாத லாப நஷ்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பதில் ஒரு சின்ன நோட்டில் ஒன்றை மட்டும் குறி: ரிவரில் யாராவது ரெய்ஸ் செய்து சீட்டைக் காட்டினால், என்ன காட்டினான் என்று. இருபது சேர்ந்ததும் அதில் பிளஃப் எத்தனை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சேகர்