பாட்டு வாத்தியார் நடுவில் மாறும்போது: இசைக் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

பணியிட மாற்றம், ஓய்வு, கௌரவ விரிவுரையாளரின் காலம் முடிவது என்று ஏதோ ஒரு காரணத்தால் பட்டப்படிப்பின் நடுவில் ஆசிரியர் மாறுவது நம் இசைக் கல்லூரிகளில் சாதாரணம். இசை வரலாற்று வகுப்பில் ஆள் மாறினாலும் புத்தகம் அங்கேயே இருக்கும். வாய்ப்பாட்டிலும் வாத்தியத்திலும் ஆசிரியரோடு பாடாந்தரமும், அதாவது ஒரு பாட்டை அவர் குரு வழியில் பாடும் முறையும், போய்விடுகிறது. நாமோ கால அட்டவணையில் பெயரை மாற்றி எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தவறு பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. தெரிந்த கிருதியைப் பாடச் சொல்லிக் கேட்கும் புதியவர், அதையே திருத்தப் புகுகிறார். பல்லவிக்கு ஐந்து சங்கதி (ஒரே வரியை மெருகேற்றிப் பாடும் வெவ்வேறு வடிவம்) பாடம் பண்ணிய மாணவிக்கு எட்டுச் சங்கதி, அதுவும் வேறு வரிசையில் வருகிறது. வகுப்பில் சமாளித்துவிடுவாள். தேர்வில் பதற்றம் வந்ததும் வாய் பழைய வழிக்கே ஓடும். பல்லவி புதிதாகவும் சரணம் பழையதாகவும் வந்து, இடையில் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், தவறும். ஆகவே, முடித்த உருப்படிகள் (பாடல்கள்) அந்த ஆண்டுத் தேர்வு வரை பழைய பாடாந்தரத்திலேயே இருக்கட்டும். புதியவரின் வழி புதிய உருப்படிகளில் தொடங்கட்டும். இதைத் துறைத் தலைவரே சொல்ல வேண்டும். மாணவி சொன்னால் அகம்பாவம் என்பார்கள்.

தாளமும் மாறும். 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற ஸ்வரக் குறிப்பு நூலில் திஸ்ர ஏகத் தாளம் என்றிருக்கும் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் சிலவற்றை இன்று ரூபகத் தாளத்தில் பாடுகிறோம். ஏகத்துக்கு ஒரு தட்டும் இரண்டு விரல் எண்ணிக்கையும். வழக்கத்தில் உள்ள ரூபகத்துக்கு இரண்டு தட்டும் ஒரு வீச்சும். இரண்டிலும் எண்ணிக்கை மூன்றுதான். ஆனால் கை மாறினால் அழுத்தம் மாறி, பாட்டு தடுமாறும்.

ஸ்ருதி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதன் உயரத்தைக் கட்டையால் சொல்கிறோம். ஐந்தரைக் கட்டையில் பாடும் மாணவியை, ஒன்றரைக் கட்டை ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக மூன்றில் நிறுத்துவது உண்டு. வகுப்பு நடத்த வசதிதான்; அவளுக்கோ மந்திர ஸ்தாயியில் (கீழ்ச் சுரங்களில்) சத்தமே வராது. ஆறு மாதம் இப்படிப் போனால் தார ஸ்தாயியில் (மேல்ச் சுரங்களில்) பாடும் பழக்கமும் விட்டுப்போகும். வாரம் ஒரு வகுப்பாவது அவளவள் ஸ்ருதியில் நடக்கட்டும்.

வயலினில் சிக்கல் கையில். ஒரே விரலை இழுத்துக் கமகம் (சுரத்தின் அசைவு) வாசித்தவரைப் பல விரல் பிடிக்கு மாற்றினால், முதலில் கெடுவது சுருதி சுத்தம். வில் மாற்றும் இடங்களும் பாடாந்தரத்தைச் சேர்ந்தவை; வர்ணம் இரண்டாம் காலத்துக்குப் போகும்போதுதான் அந்தக் குழப்பம் தெரியவரும். மிருதங்கத்தில் தஞ்சாவூர் வழியில் கற்றவர் புதுக்கோட்டை வழிக்கு வந்தால் சொல்லும் (வாயால் சொல்லும் மிருதங்கச் சொற்கட்டும்) விரலும் இடிக்கும். இத்தகைய மாற்றங்களை விடுமுறைக்குத் தள்ளுங்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் கூடவே கூடாது.

போகிறவர் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கட்டை எத்தனை, எந்த உருப்படி முழுதாக முடிந்தது, எது அனுபல்லவியோடு நிற்கிறது, ஆலாபனை எந்த ராகங்களில் ஆரம்பித்தது, கல்பனாஸ்வரம் எந்தக் காலம் வரை, குரல் எங்கே பிசிறுகிறது என்பவை அதில் போதும். கூடவே, நிறைவான உருப்படிகளைத் தம்புராவோடு அவரே ஒருமுறை பாடிப் பதிவு செய்து துறையில் வைக்கட்டும். ஸ்வரக் குறிப்பில் கமகம் முழுதாக வராது. முடிந்தால் பழையவரும் புதியவரும் இரண்டு வகுப்புகளாவது சேர்ந்து உட்காரட்டும்.

மாணவரே ஆசிரியரை மாற்றக் கேட்பதும் உண்டு. அதைக் குருத் துரோகமாகப் பார்க்கும் பழக்கம் போக வேண்டும். பருவத் தொடக்கத்தில் துறைத் தலைவரிடம் நேராக விண்ணப்பிக்க வழி இருக்கட்டும். காரணத்தை அந்த ஆசிரியர் எதிரிலேயே விளக்கச் சொல்ல வேண்டாம். தவறான நடத்தை பற்றிய புகார் என்றால் பருவ முடிவுக்குக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, வெளித் தேர்வாளருக்குத் தரும் உருப்படிப் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாகச் சேருங்கள்: யாரிடம் கற்றது, எந்தத் தாளத்தில், எந்த எடுப்பில். பாடாந்தர வித்தியாசத்தைப் பிழையென்று நினைத்து அவர் மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருக்க அது உதவும்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர்கள் சிலர்