கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு: பயாப்ஸி அறிக்கையோடு தமிழில் விளக்கம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் பற்றிய செய்திகளில் 'மூன்றாம் கட்டம்', 'முற்றிய நிலை' என்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. எதை அளந்து அப்படிச் சொல்லப்பட்டது என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நோய்க்குறியியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) அறிக்கையில் 'கிரேடு 3' என்று இருப்பதைப் படித்துவிட்டு, நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது, இனி வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்று முடிவுகட்டி ஊருக்குத் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குக் கட்டி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, அக்குளில் நெறிக்கட்டும் இல்லை என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

கிரேடு என்பது நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் தன்மை. மார்பகப் புற்றுநோயில் மூன்று அம்சங்களைப் பார்க்கிறோம்: செல்கள் இன்னும் குழல் வடிவில் அமைகின்றனவா, அவற்றின் உட்கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5 வரை இருந்தால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. இது நோயின் வேகத்தைச் சொல்கிறதே தவிர, நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது ஸ்டேஜ், அதாவது கட்டம். பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் தெனுவா 1940களில் உருவாக்கிய டி.என்.எம். முறைப்படி, கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகளில் பரவல், தொலைவிலுள்ள உறுப்புகளில் பரவல் ஆகிய மூன்றையும் கொண்டு அது கணிக்கப்படுகிறது. ஆகவே கிரேடு 3 கட்டி ஒன்று முதல் ஸ்டேஜிலேயே இருக்கலாம்; அதை அறுவை செய்து அகற்றி, தேவைக்கேற்பக் கீமோதெரபி கொடுத்துக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. வேகமாக வளரும் கட்டி என்பதாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்டேஜ் எண்ணும் எல்லா உறுப்புக்கும் ஒரே பொருள் தருவதன்று. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு (AJCC) வெளியிட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த டி.என்.எம். எட்டாம் பதிப்பு விதிகளின்படி, 55 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் நுரையீரல் வரை பரவியிருந்தாலும் அது இரண்டாம் ஸ்டேஜ்தான், ஏனெனில் அந்த வயதினர் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அதே விதிகள் மார்பகப் புற்றுநோயில் கிரேடையும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 (புற்றின் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள்) சோதனை முடிவுகளையும் சேர்த்தே ஸ்டேஜைக் கணிக்கச் சொல்கின்றன. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றில், கிரேடைக் குறிக்கும் க்ளீசன் மதிப்பெண் 6 என்பதைப் பத்துக்கு ஆறு என்று படித்துக் கலங்குவோர் உண்டு. நடைமுறையில் புற்றுநோய்க்குத் தரப்படும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே அதுதான். அவர்களில் பலருக்கு உடனடி சிகிச்சை இன்றித் தொடர் கண்காணிப்பே போதுமானது. இந்த மதிப்பெண் இரண்டு எண்களின் கூட்டு; கட்டியில் அதிகமாகக் காணப்படும் செல் அமைப்புக்கு உரியது முதல் எண். அதனால் 3+4, 4+3 இரண்டுமே 7 என்றாலும், பின்னதுக்கே ஆபத்து கூடுதல்.

இத்தனை நுணுக்கத்தையும் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு குடும்பத்தினரே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடமிருக்கும் மாநிலத்தில், ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததால் ஒருவர் சிகிச்சையைக் கைவிடுவதை ஏற்க முடியாது. எனவே ஒவ்வொரு பயாப்ஸி அறிக்கையோடும் தமிழில் ஒரு பக்க விளக்கம் தரப்பட வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வகைப் புற்று, கிரேடு என்ன, ஸ்டேஜ் கணிக்கப்பட்டுவிட்டதா அல்லது ஸ்கேன், அறுவைக்குப் பின்னரே தெரியுமா, அடுத்து எந்த மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். தங்கள் செய்தியாளர்களும் 'மூன்றாம் கட்டம்' என்று எழுதும்போது அது எந்த உறுப்பின் புற்று, நோய் எதுவரை பரவியுள்ளது என்பதைச் சேர்த்தே எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்,
தஞ்சாவூர்.