மகளுக்கு: உன்ட ப்ளான்ல பாதிய வெட்டிட்டன்

அன்பு மகள்,

நீ வாட்ஸ்அப்ல அனுப்பின ப்ளானப் பாத்தன், அம்மாவும் கண்ணாடியப் போட்டுட்டு வாசிச்சா. வெள்ளி நுவரெலியாவில இருந்து வெளிக்கிட்டு அண்டைக்குப் பின்னேரமே இங்க திருகோணமலையில கோணேசர் கோயில், சனி காலம்பற புறாத்தீவு, மத்தியானம் கன்னியா வெந்நீர்க் கிணறு, பிறகு மார்பிள் பீச், ஞாயிறு விடிய திமிங்கிலம் பாக்க போட், அப்பிடியே திரும்பி மலைக்கு. இதுக்குள்ள எங்கட வீட்டுக்கு வாறது எப்ப எண்டு தேடினன், கடைசியில "டைம் இருந்தா" எண்டு போட்டிருக்கு. சரி அத விடு. நிலாவெளியில ரூம் போட்டது மருமகன்ட விருப்பம் எண்டா நான் ஒண்டும் சொல்லல்ல, ஆனா காசு வெட்டாமக் கேன்சல் பண்ணலாம் எண்டா பண்ணு, மேல் ரூமுக்குப் புது ஃபேன் போட்டாச்சு.

நான் கதைக்க வந்தது சம்பந்தியம்மாவப் பத்தி. போன கிழமை கோல் எடுத்தப்ப அவ என்னட்டக் கேட்டா, "அண்ணே, கடல் தண்ணி ரொம்பக் குளிருமா"ண்டு. எனக்கு உடன பதில் வரல்ல. காலம் முழுக்கக் கொழுந்து பறிச்ச மனுசி, அவக்குத் தண்ணி எண்டா மலை ஊத்துப் பீலித் தண்ணிதான், பல்லுக் கிட்டுற தண்ணி. இங்க ஆகஸ்ட்ல இளஞ்சூடாத்தான் இருக்கும் எண்டன், அவ நம்பல்ல, சிரிச்சா. கடலையே பாக்காத ஒரு ஆளக் கூட்டிக்கொண்டு வாறீங்க மகள், இந்தப் பயணம் அவக்குத்தான் எண்டு வச்சுக்கொண்டு மிச்சத்த யோசி.

திமிங்கிலம் வேணாம், விடியக்காலமை எழும்பி போட்டில ஆடி வாந்தி எடுக்கவோ? மார்பிள் பீச்சும் வேணாம், அது சீனக்குடா சுத்திப் போகோணும். புறாத்தீவுக்கு நீயும் மருமகனும் பிள்ளைகளும் மட்டும் போங்க, அவ அம்மாவோட நிக்கட்டும். காலம்பற வெள்ளன போங்க, போட் காசு எவ்வளவு எண்டு ஏறமுந்தியே பேசு, பார்க் டிக்கெட் வேற. 2003ல தேசியப் பூங்கா ஆக்கினது, ஆனா முருகைக் கல்லுக்கு (பவளப்பாறைக்கு) மேல ஏறி நிக்கிற சனத்த இன்னும் நிப்பாட்டேலாமக் கிடக்கு, சின்னவனுக்கு முதலே சொல்லி வை. லைஃப் ஜாக்கெட் போடாம இறங்க விடாத, குளத்தில நீந்தின தைரியம் கடலுக்குக் காணாது.

வரேக்க கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் எண்டு வருவீங்க. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க. ஹபரணையில இருந்து இங்கால யானை ரோட்டுக்கு வரும், அதால இருட்டமுந்தி அந்தத் துண்டத் தாண்டிரணும், ட்ரைவருக்கு இத நீயே சொல்லு, மருமகன் சொல்ல மாட்டார். கந்தளாய்க் குளத்தப் பிள்ளைகளுக்குக் காட்டு, 86 ஏப்ரல்ல கட்டு உடைஞ்ச கதைய நான் இங்க வச்சுச் சொல்றன். ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் அள்ளிக்கொண்டு வராத. அங்க உங்களுக்கு மழை கொட்டுற அதே காத்துதான் மலையில தண்ணியக் கொட்டிட்டு வெறும் சூடா எங்களிட்ட வந்து சேருது, கச்சான் காத்து எண்டு நாங்க வயிறெரிஞ்சு திட்டுறது அதத்தான். ஆனா அந்தக் காத்துக் காலத்திலதான் எங்கட கடல் பேசாமக் கிடக்கும். மார்கழியில வந்தியெண்டா கரையில நிக்கவும் ஏலாது.

வந்த அண்டைக்கு ஒரு இடமும் வேணாம். குளிச்சு, சாப்பிட்டு, வெயில் தணிய டச்சுபே கடற்கரைக்கு நடந்து போவம். கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் மண்ணில இருக்கலாம், அவ விரும்பினா கால் நனைக்கட்டும், இல்லாட்டிச் சும்மா பாத்துக்கொண்டிருக்கட்டும், ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போய் தண்ணிக்க விடாதீங்க, முக்கியமா போனத் தூக்கிக்கொண்டு பின்னால நிக்காத.

கோயிலுக்கு சனி பின்னேரம் போவம். கோட்டைக்குள்ளால ஏத்தம், அவட முழங்காலுக்குக் கஷ்டம், வேன் விடுற தூரம் வரைக்கும் வேனிலயே போகட்டும். வழியில மான் நிக்கும், பிள்ளைகள் பிஸ்கட் நீட்டாம பாத்துக்கொள். போர்த்துக்கேயப் பறங்கி கோயில இடிச்சு அந்தக் கல்லாலதான் 1624ல கோட்டையக் கட்டினவன், வாசல் கல்லில எழுத்து இன்னும் இருக்கு, மருமகனுக்கு அத நான் காட்டுறன், அவருக்கு இப்பிடி விசயம் பிடிக்கும். நீ பள்ளிக்கூடத்தில பாடின சம்பந்தர் தேவாரம் ஞாபகம் இருக்கா, "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" எண்டு வரும், கோயில் நிக்கிற சாமிமலை உச்சியில நிண்டு கீழ பாத்தா அந்தச் சத்தம் கேக்கும். பாறை பிளந்து கிடக்கிற இராவணன் வெட்டுப் பக்கம் சின்னவன்ட கைய விடாத.

கன்னியா மட்டும் வெட்டாத. ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, வாளியால அள்ளி ஊத்தினா அவட முழங்காலுக்குச் சுகமா இருக்கும். தாய்க்கு இராவணன் ஈமக் கடமை செய்த இடம் எண்டு சொல்றது, சனம் இண்டைக்கும் அங்க வந்து செய்யுது. போய்ச் சேர்ந்த சம்பந்திப் பெரியவர நினைச்சு அவக்கும் ஏதும் செய்ய விருப்பமோ எண்டு தனியக் கேட்டுப் பார், விருப்பம் எண்டா நான் முதலே ஐயரோட கதைச்சு வைக்கிறன்.

மீனுக்கு நான் சொல்லிட்டன், பாரை கிடைச்சாப் பாரை, இல்லாட்டி கணவாய். அவ மச்சம் சாப்பிடாத நாள் வெள்ளியோ சனியோ எண்டு மட்டும் அம்மாக்கு கோல் எடுத்துச் சொல்லு. ஹபரணை தாண்டினதும் எனக்கு ஒரு மிஸ் கோல் அடி, அரிசி போடோணும். கந்தளாய்ல ரோட்டோரம் எருமைத் தயிர் ரெண்டு முட்டி எடுத்துக்கொண்டு வா, காசு நான் தாறன்.

அன்புடன்,
அப்பா