பாதத்தின் வடிவம் மாறுவதும் நோயின் அறிகுறியே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புண்ணை எப்படிப் பராமரிப்பது, எந்த நிலையில் மருத்துவரிடம் விரைந்து செல்வது என்பனவெல்லாம் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் பலருக்குப் புண் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாதத்தின் வடிவம் மாறத் தொடங்கிவிடுகிறது என்பதும், அது ஏன் மாறுகிறது என்பதும் கட்டுரையில் இடம்பெறவில்லை. நீரிழிவு நோயாளிகளுக்கான காலணிகளையும், அவற்றினுள் வைக்கும் இன்சோல்களையும் தயாரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

விரல்கள் மடங்கிப்போய் வருபவர்களிடம் காரணம் கேட்டால், வயதாகிவிட்டது என்றோ, இளமையில் இறுக்கமான செருப்பு அணிந்ததன் விளைவு என்றோதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். இவற்றுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த மாற்றத்தின் வேர் பெரும்பாலும் நரம்புகளில் இருக்கிறது. நீண்ட காலம் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதடைவதால், பாதிப்பு பாதத்திலிருந்து தொடங்குகிறது. நரம்பு பாதிப்பு என்றதும் மதமதப்பையும் எரிச்சலையும் மட்டுமே நினைக்கிறோம். உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளோடு தசைகளை இயக்கும் நரம்புகளும் நலிகின்றன என்பதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை.

பாதத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் சிறிய தசைகள் பல இருக்கின்றன. விரல்களை நேராக வைத்துத் தரையில் படியச் செய்வது அவற்றின் வேலை. அவற்றுக்குரிய நரம்புகள் நலிந்து தசைகள் மெலியும்போது, காலிலிருந்து இறங்கிவரும் நீண்ட தசைகளின் இழுப்புக்கு எதிர்விசை இல்லாமல் போகிறது. அதனால் விரல்கள் அடிமூட்டில் மேல்நோக்கித் தூக்கியும் நடுமூட்டில் கீழ்நோக்கி மடங்கியும் நின்றுவிடுகின்றன. விரல்கள் இப்படி மேலெழும்போது, முன்பாத எலும்புகளின் அடியில் இயல்பாக இருக்க வேண்டிய கொழுப்புத் திண்டும் அவற்றோடு முன்னால் இழுபட்டு நகர்ந்துவிடுகிறது. பிறகு அந்த எலும்பு முனைகளுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய திசுவும் தோலும் மட்டுமே எஞ்சுகின்றன. தசை மெலிவு ஒன்றே முழுக் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. தசைகள் மெலிந்தும் விரல்கள் நேராகவே இருப்பவர்களும் உண்டு.

சில மாதங்கள் பயன்படுத்திய இன்சோலைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த மாற்றம் கண்கூடாகத் தெரியும். மாற்றமில்லாத பாதம் பதிந்த இன்சோலில் ஐந்து விரல்களின் அடிப்பரப்பும் மென்மையாகப் பதிந்திருக்கும். உருமாறிய பாதத்தின் இன்சோலிலோ விரல் நுனிகள் மட்டும் சிறு புள்ளிகளாக அழுந்தியிருக்க, இரண்டாம் மூன்றாம் விரல்களின் அடிமூட்டு இருக்கும் இடத்தில் பொருள் நசுங்கிக் கறுத்து, ஆழமான குழி விழுந்திருக்கும். அதே காலணியின் மேற்பகுதியை உட்புறமாகத் திருப்பினால், மடங்கிய விரல்களின் கணு உரசிய இடங்களில் துணி நைந்திருப்பதையும் காணலாம். புண் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. அதற்கு முன்பு அங்கே காய்ப்பு ஏறுகிறது; காய்ப்பு தடிக்கத் தடிக்க அழுத்தம் மேலும் கூடி, அதன் அடியிலேயே இரத்தம் கசிந்து, வெளியே எதுவும் தெரியாமலே புண் உருவாகிவிடுகிறது. வலி உணர்வு இருப்பவர் என்றால் இரண்டாம் நாளே நடையை மாற்றிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது காரணம், இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை தசைநாண்களிலும் மூட்டுகளைச் சூழ்ந்த திசுக்களிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு பிணைவது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகி, மூட்டுகள் வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கின்றன. கைகூப்பும்போது இரு உள்ளங்கைகளும் விரல்களும் முழுமையாக ஒட்டாமல் இடைவெளி விடுகிறவர்களிடம் இது கைகளிலேயே தெரியும். குதிகால் தசைநாண் இறுகிவிட்டால் கணுக்கால் போதிய அளவு மடங்காது. நடக்கும்போது குதிகால் முன்கூட்டியே தரையை விட்டு எழுந்துவிடும். அப்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை, ஏற்கனவே திண்டை இழந்துவிட்ட முன்பாதத்தின் மீது அளவுக்கு மீறி இறங்குகிறது. பெருவிரலின் அடிமூட்டு இறுகுவதும் இப்படித்தான் அவ்விரலின் அடியில் புண்ணை உண்டாக்குகிறது.

இவை மெதுவாக வருபவை. சில வாரங்களிலேயே பாதத்தை உருக்குலைத்துவிடக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். சார்க்கோ பாதம் என்று அதற்குப் பெயர். நரம்பு பாதிப்பினால் மூட்டுகள் சிதைவதை பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ 1868-இல் விவரித்தார். அவர் கண்டது முதுகுத்தண்டைப் பாதித்த சிபிலிஸ் நோயாளிகளிடம். நீரிழிவோடு இதற்குள்ள தொடர்பை 1936-இல் ஜோர்டன் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். உணர்வு மரத்துப்போன பாதத்தில் ஒரு சிறு சுளுக்கோ, நினைவில் கூட நிற்காத ஓர் இடறலோ அழற்சியைத் தொடங்கிவைக்கிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் தூண்டப்பட்டு எலும்பு பலவீனமாகிறது. அந்த எலும்பின் மீதே நோயாளி வலியின்றித் தொடர்ந்து நடக்கிறார். மூட்டுகள் விலகி, எலும்புகள் முறிந்து, நடுப்பாதத்தின் வளைவு இறங்கி, இறுதியில் உள்ளங்கால் ஓடத்தின் அடிப்பகுதியைப் போலக் கீழ்நோக்கிப் புடைத்துவிடுகிறது. ஒரு பாதத்தில் உள்ள 26 எலும்புகளும் சேர்ந்து தாங்க வேண்டிய எடை, அதன்பின் அந்தப் புடைப்பின் மீது விழுகிறது.

தொடக்கத்தில் பாதம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். வலி இருக்காது, அல்லது அந்த வீக்கத்துக்குப் பொருந்தாத அளவில் குறைவாக இருக்கும். மற்றப் பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ தோலின் வெப்பம் கூடியிருக்கும். ஆரம்பக்கட்ட எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம் என்பதாலும், நோய்த்தொற்று, கீல்வாதம், நாளங்களில் இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய இதே தோற்றம் உண்டு என்பதாலும் இது தவறாகக் கணிக்கப்படுவது வழக்கம். நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்கும் இங்கு இடமில்லை. சார்க்கோ பாதத்தில் இரத்த ஓட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஒருமுறை ஒருவர், ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பதால் அந்தக் காலுக்கு மட்டும் அகலமான காலணி வேண்டும் என்று கேட்டு வந்தார். புறங்கையை அவருடைய இரு பாதங்களின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது இருந்த வித்தியாசத்துக்கு வெப்பமானியே தேவைப்படவில்லை. அளவெடுக்காமல், அன்றே எலும்பியல் மருத்துவரைப் பார்க்கும்படி அனுப்பினேன். இந்த நிலையில் தேவைப்படுவது காலணி அன்று; முழங்கால் வரை போடப்படும், எளிதில் கழற்ற முடியாத கட்டும், பாதத்தின் மீது எடை விழாமல் பார்த்துக்கொள்வதும்தான். அது பல மாதங்கள் நீடிக்கலாம் என்பதால் நோயாளிகளும் குடும்பத்தினரும் பொறுமை இழப்பது இயல்பே. வீக்கம் வடிந்துவிட்டது என்று தாமாகவே கட்டைப் பிரித்துவிடுபவர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

விரலை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் உருமாற்றத்துக்கு ஒரு காரணமாகலாம். குறிப்பாகப் பெருவிரல் இல்லாதபோது பக்கத்து விரல்கள் இடம்பெயர்ந்து மடங்குகின்றன. அழுத்தம் வேறோர் எலும்பு முனைக்கு மாறி அங்கே புதிய புண் தோன்றுகிறது. காயம் ஆறியதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணிப் பழைய காலணிக்கே திரும்புவது அபாயமானது. உணர்வு குறைந்தவர்கள், இறுக்கமாக இருந்தால்தான் செருப்பு காலில் இருப்பதே தெரிகிறது என்று ஒரு சுற்றுச் சிறிய காலணியையே தேர்ந்தெடுப்பதையும் அடிக்கடி காண்கிறேன்.

உணர்விழப்புடன் உருமாற்றமும் சேர்ந்திருப்பவர்களின் பாதங்களை 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைக் கொண்டு உணர்வைச் சோதிப்பது இன்று ஓரளவு பரவலாகிவிட்டது. ஆனால் அந்த இழை வடிவத்தைச் சொல்லாது. காலுறையைக் கழற்றச் சொல்லி, நோயாளியை நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்த்தால்தான் அது தெரியும். வீட்டில் இருப்பவர்களும் வாரம் ஒருமுறையாவது இரு பாதங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். காய்ப்பைப் பிளேடால் சீவுவதையும், கால் ஆணிக்கான அமிலம் தடவிய பட்டைகளை ஒட்டுவதையும் மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில், மடங்கத் தொடங்கும் விரல்கள், காய்ப்பு ஏறிய முன்பாதம், தொடக்கநிலைச் சார்க்கோ பாதம் ஆகியவற்றின் படங்களை விளக்கத்துடன் வெளியிட வேண்டுகிறேன். முற்றிப்போன புண்களின் படங்களைப் பார்த்து அஞ்சும் வாசகர்கள், தங்கள் பாதம் அப்படி இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆரம்ப மாற்றங்களின் படங்கள் என்றால், தங்கள் காலோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்