செல்ஃப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேள்வி-பதில் பகுதியில் சில நாட்களுக்கு முன் ஒரு வாசகர், ஸ்கூட்டரில் செல்ஃப் (பட்டனை அமுக்கினால் இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் ஒரே வரி. பேட்டரியையும், பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறியைத் தரும் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே யோசனையைக் கேட்டு நான் ஏற்கெனவே சூடுபட்டவன்.

நான் மெக்கானிக் இல்லை. பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) ஸ்கூட்டர் ஒன்றை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். ஒன்றரை மாதம் தொடாமல் நிறுத்தி வைத்திருந்த வண்டியை ஒரு நாள் காலையில் எடுத்தால், செல்ஃப் கிர்ர் கிர்ர் என்று ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பேட்டரி வீக் என்றார்கள், மாற்றினேன். பிளக் போயிருக்கும் என்றார்கள், மாற்றினேன். அப்புறம் சி.டி.ஐ., அதாவது பிளக்கில் பொறி வரவைக்கிற சின்ன மின்னணுப் பெட்டி என்றார்கள், அதையும் மாற்றினேன். நான்காவதாக வந்து பார்த்தவர்தான் பிளக்கைக் கழற்றி, விரலால் தடவி, “எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கிறதே, இத்தனை நேரம் செல்ஃப் அடித்தும் பெட்ரோலே வரவில்லையா?” என்று கேட்டார். கடைசியில் குற்றவாளி சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு ரப்பர் டியூப். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறது என்பதே பாதி பதில். பேட்டரி செத்திருந்தால் செல்ஃப் டிக் டிக் என்று நின்றுவிடும், அல்லது முக்கி முக்கிச் சுற்றும். ஜோராகச் சுற்றுகிற வண்டியில் முதலில் பேட்டரியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு, இன்ஜெக்‌ஷன் வண்டிகள், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறவை. அவற்றில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது. செல்ஃப் இழுக்கும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்கிவிட்டால் மோட்டார் எப்படியோ சுற்றிக்கொண்டிருக்கும், அந்தப் பெட்டி மட்டும் மயங்கிவிடும். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, சுற்றுகிற இன்ஜின் பிடிக்க என்ன வேண்டும்? பெட்ரோல், காற்று, நெருப்பு, அழுத்தம். இந்த நான்கில் ஒன்று இல்லை என்று அர்த்தம். எது இல்லை என்பதை வண்டியே சொல்லும், நாம்தான் கேட்காமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறோம். (தயவுசெய்து அப்படி அமுக்காதீர்கள். ஐந்து விநாடி அடித்தால் பத்துப் பதினைந்து விநாடி விடுங்கள். அந்தச் சின்ன மோட்டார் தொடர்ந்து ஓடச் செய்யப்பட்டதல்ல, சூடாகிக் கருகிவிடும்.)

ஸ்பானரை எடுக்கும் முன், வெட்கப்படாமல் சில அற்ப விஷயங்களைப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து கண்ணால் பெட்ரோலைப் பாருங்கள், மீட்டர் முள் மாட்டிக்கொண்டு பாதி டேங்க் என்று பொய் சொல்வது உண்டு. கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்துகிற சுவிட்ச்) இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது? சைடு ஸ்டாண்ட் முழுக்க மேலே போயிருக்கிறதா? சில வண்டிகளில் ஸ்டாண்ட் கீழே இருந்தால் செல்ஃப் சுற்றும், ஸ்பார்க் மட்டும் வராது, ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு ஏறியிருந்தாலும் இதே கதைதான். வண்டி கீழே விழுந்து எழுந்ததா? இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வை உணரும் சென்சார் ஒன்று இன்ஜினை நிறுத்திவிடும், நிமிர்த்தினால் மட்டும் போதாது, சாவியை ஒரு முறை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். இதே இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவி போட்டதும் சீட்டுக்கடியில் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும், அதுதான் பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ். இன்ஜின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், பல வண்டிகளில் எத்தனை முறை நீளமாக, எத்தனை முறை குட்டையாக மினுக்குகிறது என்பதே கோளாறின் எண். வண்டியோடு வந்த புத்தகத்தில் அதற்கு அர்த்தம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது பிளக். புதிய பிளக் வாங்குவதைச் சொல்லவில்லை, இருக்கிற பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதைச் சொல்கிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஏழெட்டு முறை செல்ஃப் அடித்த பிறகு கழற்றினால், பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்ற ஒரு விஷயத்திலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்துவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். மூன்றாவதாக ஒருவகை உண்டு, கரி பிடித்துக் கன்னங்கரேல் என்றிருக்கும். பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது சோக் (குளிரில் கிளம்ப அதிகப் பெட்ரோல் கலக்க வைப்பது) மாட்டிக்கொண்டிருக்கும்.

நனைந்த பிளக் என்றால் துடைத்துக் காயவைத்து, கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று நீலமாகப் பொறி தெரிய வேண்டும். மங்கலான மஞ்சள் பொறி போதாது. இங்கே இரண்டு எச்சரிக்கை. பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சிக்கொண்டு வரும், குப்பென்று பற்றிவிடும். பொறி வரவில்லை என்றால் உடனே சி.டி.ஐ. மீது பழி போடாமல் முதலில் பிளக் கேப்பைப் பாருங்கள். மழைக்கும் வண்டி கழுவியதற்கும் பிறகு நின்றுபோகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தக் கேப்புக்குள் தண்ணீர்தான் என்பது என் அனுபவம். வயரில் விரிசல் இருந்தால் இருட்டில் செல்ஃப் அடிக்கும்போது பொறி வெளியே கசிவது கண்ணுக்கே தெரியும். இதற்கெல்லாம் அப்புறம்தான் காயில் (பொறிக்கு வேண்டிய வோல்டேஜை ஏற்றுவது), பிக்கப் காயில் (எப்போது பொறி விட வேண்டும் என்று காட்டுவது), சி.டி.ஐ. எல்லாம்.

பொறி நன்றாக இருந்தும் பிளக் நனைகிறது என்றால் ஓவர் ஃப்ளோ. சோக்கை விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து நாலைந்து விநாடி செல்ஃப் அடித்தால் காற்று போய்த் தெளிந்துவிடும்.

இப்போது காய்ந்த பிளக், அதாவது என் கதை. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சின்ன வடிகால் திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் உள்ளே நிற்கிற பெட்ரோல் கீழே வடிய வேண்டும். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. டேங்கிலோ நிறைய இருக்கிறது. பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் குழாயைத் திறக்கக் கைப்பிடி கிடையாது, இன்ஜின் சுற்றும்போது அது இழுக்கிற உறிஞ்சல்தான் ஒரு மெல்லிய டியூப் வழியாகப் போய்க் குழாயைத் திறக்கிறது. வேக்குவம் டேப் என்பார்கள். என் வண்டியில் அந்த டியூப் முனையில் வெடித்திருந்தது. ஓட்டாமல் வைத்திருந்த நாட்களில் கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் ஆவியாகிவிட்டது, புதிதாக வர வழியில்லை. வெடித்த முனையை வெட்டிவிட்டு மிச்ச டியூபை இழுத்துச் செருகினார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்ததும் இரண்டு முறை செருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

வடிகாலில் பெட்ரோல் வந்தாலும் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாகத் தண்ணீர் தங்குகிறதா என்று. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பிரிந்து அடியில் இறங்கிவிடும், அதைத்தான் இன்ஜின் முதலில் குடிக்கிறது. நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டின் மயிரிழைத் துவாரத்தை அடைப்பதும் உண்டு. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் பெட்ரோல் இறங்காது, மூடியைத் திறந்து வைத்துவிட்டு அடித்துப் பாருங்கள்.

பெட்ரோலும் பொறியும் இருந்தும் பிடிக்காத வண்டி அரிது. அப்போது கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள், ஓரிடத்தில் கெட்டியாக எதிர்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கம்ப்ரஷன் இல்லை, வால்வு இடைவெளியோ பிஸ்டன் ரிங்கோ, அது மெக்கானிக் வேலை. அதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும், சைலன்சர் வாயில் குளவி மண் பூசியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். சிரிக்காதீர்கள், ரொம்ப நாள் நின்ற வண்டிகளில் இது நடக்கிறது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இப்படிக் கேள்வி வந்தால், பதில் எழுதுபவர் அந்த வாசகரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கட்டும்: பிளக் ஈரமா, காய்ந்ததா? அதைச் சொல்லாமல் எந்தச் சாமானையும் மாற்றச் சொல்ல வேண்டாம். என் அலமாரியில் பழைய பேட்டரி, பழைய பிளக், பழைய சி.டி.ஐ. மூன்றும் வரிசையாக இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன், மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்கூட்டர்க்காரர்