வாக்குத்தத்த அட்டையின் முந்தைய வசனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது பைபிள் வசனங்கள் வருகின்றன, அதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சடித்த அட்டைகளை வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். அப்புறம் வருஷம் முழுக்க அது ஃபிரிட்ஜ் கதவிலோ பீரோ கண்ணாடியிலோ ஒட்டியிருக்கும். சில வருஷங்களுக்கு முன் எனக்கு வந்தது எரேமியா 29:11, 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே'. மகன் படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த சமயம். கர்த்தரே சொல்லிவிட்டார், இந்த வருஷம் கட்டாயம் கிடைத்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஜூன் போய் ஜூலையும் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை, கர்த்தர் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தேன். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறையாக இருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார், அதாவது இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாது. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்று கணக்கே சொல்லிவிடுகிறார். என் அட்டையில் இருந்தது அதற்கு அடுத்த வசனம்! முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் சொல்கிறான். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அத்தனை மாதமும் எரேமியாவின் வசனத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு நான் நம்பியது அனனியாவைத்தான்.

வேதம் தேவன் அருளியது என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. 2 தீமோத்தேயு 3:16-ல் 'தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்று நாம் படிக்கிற இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது தேவனுடைய மூச்சிலிருந்து வந்தது என்று பொருள்படும் ஒரே சொல். அது அப்போஸ்தலர் பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம். அப்போது அவர் சிறையில் இருந்தார், அதே கடிதத்தின் கடைசியில் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். குளிரில் இருக்கிற ஒரு பெரியவரின் கடிதம் வழியாகத்தான் தேவன் பேசியிருக்கிறார், அப்படியிருக்க அதைக் கடிதமாகவே முழுக்கப் படிப்பதுதானே முறை?

வேதம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் அந்த வசனமே சொல்கிறது: 'உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும்'. கடிந்துகொள்ளுகிற அட்டை ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசு வைத்து ஏழைகளை ஏமாற்றுகிறவர்களை ஆமோஸ் 8-ஆம் அதிகாரம் விளாசுகிறதே, அதுவும் தேவன் அருளியதுதான். கடை வைத்திருக்கிற ஒருவருக்கு ஜனவரி முதல் தேதி அந்த வசனம் வந்தால் அவர் அதைப் பீரோவில் ஒட்டுவாரா தெரியாது, ஆனால் தராசை ஒரு தடவை பார்ப்பார்.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு தெம்பு என்று எனக்குத் தெரியும். போதகர்களிடம் நான் கேட்பது, அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, யார் யாருக்கு எந்த நிலைமையில் சொன்ன வார்த்தை இது என்று அங்கே இரண்டு வரி அச்சடியுங்கள். நீங்களும் பத்திரிகையில் வசனம் போடும்போது அதையே செய்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை