நம் ஒயின் சுவைஞர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பாரிஸ் குளிரைப் பார்க்காமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் விடுமுறை நீங்கலாக மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. பொங்கல் விருந்தும் ஷாம்பெயின் பயணமும் நல்லபடியாக முடிந்தன.

நவம்பரில் குலே த செரான் என்ற வெள்ளை ஒயினைச் சுவைக்க நடத்திய மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்து வெள்ளை ஒயினை மட்டும் வைத்து ஒரு மாலை என்று நான் செயற்குழுவில் கேட்டபோது, அதில் ஒரு பாட்டில் விலைக்கு வேறு ஒயின் ஆறு பாட்டில் வாங்கலாமே என்றார்கள். ஆன்ஜே நகரத்துப் பக்கம், லுவார் ஆற்றங்கரைச் சரிவில் சுமார் 7 ஹெக்டேர் நிலம் அந்தத் தோட்டம். 1130-இல் சிஸ்தேர்சியச் சபைக் கிறிஸ்தவத் துறவிகள் கொடி நட்ட இடம். விளைவது ஷெனின் திராட்சை மட்டும். அந்த ஒரு தோட்டத்துக்கென்றே தனி அப்பலாசியோன், அதாவது சட்டப்படி காக்கப்பட்ட விளைநிலப் பெயர், உண்டு. தோட்டத்துக்காரர் நிக்கோலா ழோலி 1980-களிலேயே அதை முழுக்க பயோடைனமிக் என்ற, ரசாயனம் தவிர்த்த இயற்கை வேளாண் முறைக்கு மாற்றினார். இதை ஆறு பாட்டிலோடு எடைபோடக் கூடாது என்றேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

தயாரிப்பாளர் சொல்கிறபடி முந்தின நாளே திறந்து குடுவையில் ஊற்றி வைத்தேன். அப்போது வாசனையே பிடிகொடுக்கவில்லை. மறுநாள் மாலை சீமைமாதுளையும் தேன்மெழுகுமாக மணந்தது, கடைசியில் நாக்கோரம் லேசான கசப்பு. ஓர் உறுப்பினர் குடுவையை ஐஸ் வாளியில் இறக்கப் போனார், தடுத்துவிட்டேன். 14 டிகிரிதான் சரி. அதிகம் குளிர்ந்தால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டும் நிற்கும்.

வெண்ணெயில் செய்த பேர் பிளாங் சாஸோடு சாந்த்ர் ஆற்றுமீன் அருமையாகச் சேர்ந்தது. வெண்ணெயின் திகட்டலை ஷெனினின் புளிப்பு எடுத்துவிடுகிறது. நடுவில் வைக்கோல் செருகிய சேன்ட்-மோர் ஆட்டுப்பால் சீஸும் அப்படியே. மிளகாய் தூக்கலான இறால் வறுவல் ஒத்துவரவில்லை, ஆல்கஹாலோடு சேர்ந்து வாய் எரிந்தது. தேங்காய்ப்பால் சொதி பொருந்தியது பலருக்கும் ஆச்சரியம்.

ஆனால் 20 பேர் பெயர் கொடுத்து 11 பேர்தான் வந்தார்கள். மீன் 20 பேருக்கும் வாங்கியாயிற்று. வர முடியாதவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தாவும் பாதிப் பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. தலைவர் வேண்டாம் என்றதால் பெயர்களைப் படிக்கவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன, கையிருப்பு சொற்பம். விவரத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். கூடம் தந்தவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாலைக்கு ரோன் ஆற்றுப் பக்கத்து வெள்ளை ஒயின் ஷாத்தோ கிரியே. வியோனியே திராட்சை, அதுவும் தனி அப்பலாசியோன், நிலமோ 4 ஹெக்டேர்கூட இல்லை. பாட்டில் கிடைப்பதே அரிது, முன்பணம் கட்டியாக வேண்டும். மார்ச்சுக்குள் சந்தா வந்துவிட்டால் அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுவேன்.